மாக்கிரட்டின் பெயரில் வந்தவள்

டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தின் பின்பக்கம், பழைய ஐஸ் கிடங்குகளுக்கு நடுவே ஒரு செங்கல் கட்டடம் இருந்தது. ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் குளிப்பதற்கென்று கட்டியதாம். பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்தது. டெனிஷ் கப்பல் எஞ்சினியர் ஒருவரைக் கல்யாணம் கட்டி வந்த கொரியப் பெண்ணான சோ அம்மா அதை வாடகைக்கு எடுத்தாள். தன் நாட்டு முறைப்படி வெந்நீர்த் தொட்டியும் களிமண் சுவர் வைத்த சூட்டறையும் போட்டுத் திறந்தாள். வியாழக்கிழமைகளில் பெண்களுக்கு மட்டும்.

1993ஆம் ஆண்டு, ஜனவரி நடுப்பகுதி. பின்னேரம் மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. செலீனா காரைக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினாள்.

"இறங்கு மாக்கிரட். பக்ரறியிலை குளிருக்கை நிண்டு மீன் வெட்டுற முதுகுக்கு இதுதான் மருந்து."

"உடுப்பு எல்லாத்தையும் கழட்டவேணுமோ அக்கா?"

"ஓம். இஞ்சை உடுப்போடை உள்ளை விடமாட்டினம். ஆர் உன்னைப் பாக்கப்போயினம்? எல்லாரும் பொம்பிளையள்தானே."

செலீனா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். மனம் நல்ல மனம். இரண்டு வருடமாக மாக்கிரட், மாக்கிரட் என்று கூப்பிட்டு, ஊர்ப் பலகாரம் எது செய்தாலும் ஒரு பங்கு கொண்டுவந்து கொடுப்பாள்.

ஆனால் அப்படிக் கூப்பிடப்பட்டவளின் பெயர் மாக்கிரட் அல்ல. விமலராணி.

டென்மார்க்கில் அது அவளுக்கும் புருஷன் அந்தோனிதாசனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். திருச்சியில், அகதியாக வந்து அத்தை வீட்டில் ஒண்டியிருந்த அவளை அவன் கட்டிய கையோடு ஒரு கடவுச்சீட்டைக் கொடுத்தான். படம் அவளுடையது, பெயர் மாக்கிரட். "டென்மார்க்குக்கு வந்த புதிசிலை, மனிசி இருக்கிறா எண்டு சொல்லி ஒரு பேரைக் குடுத்து வைச்சனான். பிறகு கூப்பிடலாம் எண்டுதான். அந்தப் பேரிலை ஆளில்லை," என்றான். அவள் நம்பினாள். கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் இறங்கும்வரை அந்தப் பெயரைச் செபம் மாதிரிச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள்.

உள்ளே ஒரே நீராவி. ஈரமான மரத்தின் வாசனை, ஏதோ காய்ந்த மூலிகையின் வாசனை. ஊரில் காய்ச்சலுக்கு நொச்சி இலை போட்டு வேது பிடிப்பார்களே, அதற்குக் கிட்ட. சிறிய முக்காலியில் குந்தியிருந்து வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றியபோது அவளுடைய கூச்சம் மெல்ல மெல்லக் கழன்றது. வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்தாள். சூட்டறையில் களிமண் சுவரில் சாய்ந்திருந்தாள். டென்மார்க்குக்கு வந்து முதல் தடவையாக எலும்புக்குள் சூடு போனது.

சோ அம்மா வந்து உடைந்த டெனிஷில், ஊத்தை தேய்க்க வா என்று கையைக் காட்டினாள். செலீனா தொட்டியில் இருந்தபடியே சிரித்தாள்.

"போ போ. பழைய தோலெல்லாம் உருண்டு உருண்டு வரும். பிறந்த பிள்ளை மாதிரி எழும்புவாய்."

மூலையில், ரப்பர் விரித்த ஒரு உயரமான கட்டில். விமலராணி குப்புறப் படுத்துக் கண்ணை மூடினாள். எங்கோ டெலிபோன் அடித்தது. யாரோ செருப்புச் சத்தத்தோடு ஓடினார்கள்.

சிறிது நேரத்தில் முதுகில் தண்ணீர் விழுந்தது.

குளிர்ந்த தண்ணீர்.

பிறகு ஒரு கை. சொரசொரத்த துணி சுற்றிய கை. பிடரியில் தொடங்கி இடுப்புவரை நீளமாக, அவசரமில்லாமல் தேய்த்தது. தோல் உருண்டு வருவதை அவளால் உணர முடிந்தது. முதலில் சுகமாக இருந்தது. பிறகு எரிந்தது. அந்தக் கையிலிருந்து கடல் பாசி மணந்தது.

"மெல்லமா," என்றாள் டெனிஷில்.

கை நிற்கவில்லை. காதுக்குக் கிட்ட ஒரு மெல்லிய குரல் தமிழில் கேட்டது.

"பேர் என்ன?"

செலீனா பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தாள். ஆனாலும், அரசாங்கக் கந்தோர்களிலும் ஆஸ்பத்திரியிலும் பழகிப்போன நாக்கு தானாகப் புரண்டது.

"மாக்கிரட்."

கை நின்றது.

நீராவி சுவரில் பட்டுச் சொட்டும் சத்தம் மட்டும்.

"அப்ப நான் ஆர்?"

எழும்பப் பார்த்தாள். அந்தக் கை அவளுடைய தோள்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்திருந்தது. பாரம் தாங்க முடியவில்லை.

"பேசாலைக் கரையிலை வள்ளம் ஏறினனான். ராமேஸ்வரம் காணேல்லை. என்ரை தம்பி அவருக்குத் தந்தி அடிச்சவன்." குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "எனக்கு ஒரு பூசைகூட வைக்கேல்லை, பிள்ளை. செத்தவளுக்கு விசா தரமாட்டினம் எண்டு என்னைச் சாகவிடேல்லை."

மறுபடியும் முதுகில் தண்ணீர் விழுந்தது. உதட்டில் உப்புக் கரித்தது.

விமலராணி வீரிட்டாள்.

செலீனா துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தபோது கட்டிலடியில் யாருமில்லை. விமலராணியின் முதுகு இரத்தச் சிவப்பாகக் கன்றியிருந்தது. ரப்பர் விரிப்பு முழுக்கச் சாம்பல் நிறத் தோல் திரிகள், அவற்றுக்குள் மணல்.

அப்போதுதான் சோ அம்மா டெலிபோனை வைத்துவிட்டு வாளியோடு வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் அவளுடைய முகம் சுருங்கியது. செலீனாவிடம் டெனிஷில் ஏதோ படபடவென்று சொன்னாள்.

"என்னவாம் அக்கா?"

செலீனா வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "உங்கட அக்கா ஏன் என்ரை வேலையைச் செய்தவ எண்டு கேக்கிறா. தலைமயிர் சொட்டச் சொட்ட இப்பதான் கதவாலை போனவவாம்."

செலீனா அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனாள்.

அந்தோனிதாசன் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான். அன்று நாடே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளை வரவிடாமல் விண்ணப்பங்களை அமுக்கி வைத்த வழக்கில் அறிக்கை வந்து, அரசாங்கமே பதவி விலகியிருந்தது.

"வா வா, இதைப் பார். நாங்கள் பட்ட பாட்டுக்கு நீதி கிடைச்சிட்டுது," என்றான்.

அவள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"மாக்கிரட் ஆர்?"

"என்ன கேள்வி இது? அந்தப் பேரிலை ஆளில்லை எண்டு அப்பவே சொன்னனான்தானே."

"பேசாலையிலை வள்ளம் ஏறினவ. தம்பி தந்தி அடிச்சவர். அந்த மாக்கிரட் ஆர்?"

அவன் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினான். திரும்பவில்லை. நிறுத்திய பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றான்.

"ஆர் சொன்னது?"

"நீங்கள் சொல்லுங்கோ."

சொன்னான். கல்யாணமாகி எட்டு மாதத்தில் மாக்கிரட்டை ஊரில் விட்டுவிட்டு வந்தது. எண்பத்தேழில் அவளைக் கூப்பிட விண்ணப்பித்தது. மூன்று வருடம் ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தது. தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கியதும் அவள் வள்ளம் ஏறியது.

"தந்தி வந்து பதினொராம் நாள் விசாக் கடிதம் வந்தது, ராணி. பதினொராம் நாள். அந்தக் கடிதத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய? அவள் போயிட்டாள். அதுவும் வீணாப்போகவேணுமோ?"

"ஒரு பூசை?"

"பூசை வைச்சால் சனத்துக்குத் தெரிஞ்சிடும்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் வந்திருப்பியோ?" அவன் இப்போதுதான் திரும்பினான். "இவங்கள் என்னை மூண்டு வருசம் ஏமாத்தினவங்கள். அதை ஆரும் யோசிக்கிறீங்களோ?"

அவனுக்காக அவள் இரங்கியிருப்பாள், இரண்டு வருடம் ஆட்களுக்கு முன்னால் தன்னை அந்தப் பெயரால் அழைத்து, அந்தப் பெயரோடு ஒரே கட்டிலில் படுத்தவன் அவனாக இல்லாதிருந்தால். செத்த மனைவியைச் சாகவிடாமல் வைத்திருந்தவன், உயிரோடிருந்த மனைவியை ஆளில்லாத பெயருக்குள் போட்டு மூடியிருக்கிறான். அவள் அழவில்லை. முதுகு எரிந்தது. அன்றிரவு வரவேற்பறைக் கதிரையிலேயே விடியும்வரை இருந்தாள்.

காலையில் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறிக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போனாள். யாருக்கு எது தெரிந்தாலும் தெரியட்டும், முதலில் அந்தச் செத்தவளுக்கு ஒரு பூசை. பிறகு பொலிசானாலும் சரி. வழியெல்லாம் இதைத்தான் நினைத்தாள்.

வயதான டெனிஷ் குருவானவர் பீடத்துக்குப் பின்னறையான சக்கிரீஸ்தில் மெழுகுதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தெரிந்த டெனிஷில், இறந்தவருக்காகச் சனிக்கிழமை ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றாள்.

"சனிக்கிழமைக்கா? அன்றைக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது," என்றார் அவர். "இன்று விடியக் கதவைத் திறந்தபோதே உங்கள் ஊர்ப் பெண் ஒருவர் வாசலில் நின்றார். இந்தக் குளிரில் தலைமயிர் நனைந்து வழிந்தபடி. பாவம். நீங்களே வாசித்துப் பாருங்கள், எனக்கு உங்கள் எழுத்து தெரியாது."

பூசைப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். தாள் ஈரத்தில் நெளிந்திருந்தது. மை கசிந்து பரவியிருந்தாலும் தமிழ் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

விமலராணியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.

அவள் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள்.

"உங்களுக்குத் தெரிந்தவரா?" குருவானவர் பரிவோடு கேட்டார். "இறந்த திகதியையும் எழுதச் சொன்னேன். அதைப் பிறகு வந்து சொல்கிறாராம்."