கூடுதல் எடை

மாதவ் இறங்கியதும் கார் லேசாக மேலே எழும்பியது. அதில் ஒன்றுமில்லை. எழுபது கிலோ ஆள் இறங்கினால் ஸ்ப்ரிங் எழும்பத்தான் செய்யும். அவன் கதவைச் சாத்திவிட்டு, வராந்தாவில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்த தங்கையின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, உள்ளே போய்க் குழாயைத் திறந்து, கிரீஸ் போகக் கையைத் தேய்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு, காரின் பக்கத்தில் யாருமே இல்லாதபோது, அது இன்னொரு முறை எழும்பியது.

ஹம்ஸினி பார்த்துக்கொண்டே இருந்தாள். சூடான எஞ்சின் ஆறும் டிக் டிக் சத்தம். தூரத்தில் மௌலா அலி ஸ்டேஷனில் ரயில் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் சத்தம். குன்றின் மேல் தர்காவின் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. பெட்ரோல் வாசனைக்கு அடியில் வேறொரு வாடை வந்தது. மழை நாளில் கூட்டமான பஸ்ஸுக்குள் இருக்குமே, ஈரத் துணியும் வியர்வையும் கலந்து, அது.

"அண்ணா, ஸ்ப்ரிங் ஏதாவது மாத்தினியா?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்லை."

அவள் எப்போதும் அப்படித்தான் முடிப்பாள். எம்.எஸ்ஸி. இயற்பியல் முதல் வகுப்பு, ஆனால் கடையில் சில்லறை கேட்கக்கூட இரண்டு தடவை வாயைத் திறக்க வேண்டும். அப்பா அம்மா திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அண்ணனும் அவளும், அந்தப் பழைய காரும்.

பேகம்பேட்டில் வைத்தியநாதன் என்ற ரிட்டையர்ட் அதிகாரியிடம் மாதவ் அதை வாங்கினான். சூப்பர்சார்ஜர் பொருத்திய கார் அந்த விலைக்குக் கிடைக்காது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர், "ஓட்ட முடியலைப்பா, கனமா இருக்கு" என்றார். ஸ்டியரிங்கைச் சொல்கிறார் என்று மாதவ் எடுத்துக்கொண்டான். வந்ததும் கனத்தைக் குறைக்கப் பின் சீட்டைக் கழற்றினான், தரை விரிப்பை உரித்தான், ஸ்டெப்னியை எடுத்து வைத்தான். முன்னால் இரண்டு சீட், பின்னால் வெறும் தகரம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே, விமானம் இறங்காத ஒரு பழைய ஓடுதளத்தில் பந்தயம். நேர்கோட்டில் முழு வேகம், கடைசியில் பிரேக். அதற்கான திட்டம்தான் ஒரு மாதமாக வீட்டில் பேச்சு. மாதவ் ஓட்டுவான், ஹம்ஸினி கணக்குப் போடுவாள்.

கணக்கு சிக்கலானதல்ல. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இரண்டின் அளவும் தெரிந்தால் எஞ்சின் எவ்வளவு பலம் தர வேண்டும் என்று சொல்லிவிடலாம். கார் எவ்வளவு விரைவாக வேகமெடுத்தது என்பதை வைத்து, எவ்வளவு தந்தது என்றும் சொல்லிவிடலாம். இரண்டும் ஒத்துவர வேண்டும்.

ஒத்துவரவில்லை.

"பம்ப் பத்தலைம்மா" என்றார் ரூஃபஸ். போலாரத்தில், பழைய பங்களா ஒன்றின் பின்னால் தகர ஷெட் போட்டு வேலை செய்பவர். "கைக்கூ? எதுக்கு இவ்ளோ யோசனை? பெரிய ஃப்யூவல் பம்ப் போடுவோம், இஞ்செக்டர் நாலையும் மாத்துவோம். அப்புறம் பாரு, உங்க அண்ணனைப் பிடிக்க முடியாது."

போட்டார்கள். அவுட்டர் ரிங் ரோடு ஓரத்துச் சாலையில் விடிந்தும் விடியாமலும் ஓட்டிப் பார்த்தார்கள். சூப்பர்சார்ஜரின் கீச்சுக்குரல் ஏற ஏற, ஹம்ஸினி முன் சீட்டில் லேப்டாப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் போதுமான அளவு வந்தது. பலமும் கூடியது. ஆனால் கணக்கில் விழுந்த துண்டும் கூடியது. முன்பு ஒரு ஆள் எடை அளவுக்கு உதைத்த கணக்கு இப்போது மூன்று ஆள் அளவுக்கு உதைத்தது.

முதலில் ரூஃபஸைச் சந்தேகப்பட்டாள். பழைய பம்பைத் துடைத்துப் போட்டிருப்பாரோ? புதிது என்று பார்த்தாலே தெரிந்தது. பிறகு அண்ணனைச் சந்தேகப்பட்டாள். டிக்கியில் எதையோ மறைத்துக் கொண்டுபோகிறானோ? அவன் குளிக்கும்போது சாவியை எடுத்துத் திறந்து பார்த்தாள். ஜாக்கி, ஒரு பழைய துண்டு. பின் கதவைத் திறந்து வெறும் தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கார் இரவெல்லாம் ஓடாமல் நின்றிருந்தது, வெயிலும் படவில்லை.

தகரம் வெதுவெதுப்பாக இருந்தது. பஸ்ஸில் ஒருவர் எழுந்துபோன சீட்டில் உட்கார்ந்தால் இருக்குமே, அந்தச் சூடு.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துடைத்தும் போகவில்லை.

அடுத்து மாதவ் க்ளட்ச்சைக் குறை சொன்னான். வழுக்குகிறதாம், அதனால்தான் பலம் சக்கரத்துக்குப் போகவில்லையாம். எஞ்சின் சுற்றும் வேகத்தையும் சக்கரத்தின் வேகத்தையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒரு இடத்திலும் விலகவில்லை. வழுக்கும் க்ளட்ச் அப்படி இருக்காது. அவன் கேட்கவில்லை. தடித்த க்ளட்ச் வந்தது, தடித்த ஆக்ஸில் வந்தது. அவற்றைப் போட்டு ஓட்டிய அன்று துண்டு இன்னும் கூடியது; அவளால் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காற்று சரி. பெட்ரோல் சரி. க்ளட்ச் சரி. மிச்சம் இருப்பது ஒன்றுதான். எடை.

கார் இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருக்கிறது. ஆள் ஏறி ஓட்டும்போது மட்டும். இறங்கியதும் அது தானாக இன்னொரு முறை எழும்பியதே.

ரூஃபஸிடம்தான் முதலில் சொன்னாள். "அங்கிள், ஒவ்வொரு பார்ட் போடறப்பவும் வெயிட் ஏறறது."

"ஷேர் ஆட்டோ மாதிரி சொல்றியே" என்று சிரித்தார் ரூஃபஸ். "வண்டி இழுக்குதுன்னா அவன் ஆளை ஏத்திட்டே இருப்பான். இன்னும் ரெண்டு பேர் தொங்கலாம், ஏறு ஏறும்பான்."

சிரித்து முடித்ததும் அவர் கார் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு அன்று அவர் காரின் பின்பக்கமாகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போனார்.

வீட்டில் மாதவ் லேப்டாப்பை மூடினான். "ஹம்ஸி, உன் கணக்குதான் தப்பு. டயர், காத்து, என்னவோ. ஞாயித்துக்கிழமை நான் ஓட்டத்தான் போறேன்."

"பிரேக் தாங்காது அண்ணா. இந்த வெயிட்டை அந்த ஸ்பீட்ல நிறுத்தினா டிஸ்க் சூடாகி பிடிக்கவே பிடிக்காது. ஓடுதளம் முடிஞ்சு சுவர்தான்."

"எந்த வெயிட்டை?"

அவன் மூக்கைச் சுளித்தான். "இங்க என்ன, பஸ் வாடை அடிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னலைத் திறக்கப் போனான். ஹம்ஸினி எழுந்து நின்றாள்.

"எடை போட்டுப் பாத்துடலாம். சரியா இருந்தா நான் வாயே திறக்கலை."

"இப்பவும் நீ வாயைத் திறக்கறதில்லையேடி" என்றான் அவன். ஆனால் சாவியை எடுத்தான்.

கூட்ஸ் ஷெட் பக்கம் லாரிகளுக்கான எடை மேடை இருந்தது. அவர்கள் போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. இருட்டவில்லை, ஆனால் எல்லா வண்டிகளும் விளக்கைப் போட்டுவிட்டன. ஹம்ஸினி காரில் வரவில்லை. ஆட்டோவில் பின்னால் வந்தாள். ஏன் என்று மாதவ் கேட்டதற்கு, "என் வெயிட் சேரக்கூடாது" என்றாள். அது பாதி உண்மை. முன்னால் போன காரின் பின் கண்ணாடி உள்ளிருந்து ஆவி படிந்து வெளுத்திருந்ததை வழி நெடுக அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். முன் கண்ணாடி தெளிவாக இருந்தது.

மேடைக்குப் பக்கத்தில், இரும்புக் கால்களின் மேல் பலகை அடித்த ஒரு சின்ன அறை. ஹம்ஸினி இரும்புப் படி ஏறிப் போனாள். உள்ளே யோகேஷ் என்கிற இளைஞன், ஒரு மைக், சிவப்பு எண்கள் எரியும் பெட்டி. அவர்களுக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. யோகேஷ் லாரியைப் பார்க்காமலே மைக்கை அழுத்தினான்.

"அந்தரூ திகண்டி."

எல்லோரும் இறங்குங்கள். காலியெடை போடும்போது ஆள் இருக்கக்கூடாது, அதனால் எல்லா வண்டிக்கும் தெலுங்கில் அதே வார்த்தை. டிரைவரும் கிளீனரும் இறங்கினார்கள். எண் மாறவில்லை, அவர்கள் இன்னும் மேடைமேல்தான் நின்றார்கள். மேடையை விட்டு இறங்கியதும் ஒரு ஆள் எடை குறைந்தது, இன்னொரு ஆள் எடை குறைந்தது. இருவரும் படியேறி வந்து ஜன்னலில் எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாதவ் காரை மேடையில் ஏற்றினான். காரும் அவனும் சேர்ந்து ஆயிரத்து நூற்றுப் பத்து இருக்க வேண்டும்.

1580.

"லோடு ஏமுந்தி மேடம்?" என்று கேட்டான் யோகேஷ்.

லோடு எதுவும் இல்லை என்றாள். அவன் நம்பவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். மேடையில் அவன் கால் வைத்ததும் எண் கூடியது. காரின் பின் கண்ணாடியில் முகத்தை வைத்து, கையால் வெளிச்சத்தை மறைத்து, உள்ளே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்தான். மேடையை விட்டு இறங்கினான், எண் பழையபடி ஆனது. அறைக்கு வரவில்லை. சாலைப் பக்கம் நடந்தான். பிறகு ஓடினான். குடை மேடையோரத்தில் கிடந்து மழையில் உருண்டது.

காருக்குள் மாதவ் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கண்ணாடி முழுக்க வெள்ளை.

ஹம்ஸினி மைக்கை அழுத்தினாள்.

"அண்ணா, இறங்கு."

குரல் மழையில் கரைந்தது. அவன் திரும்பக்கூட இல்லை. அவள் வாழ்நாளில் கத்தியதில்லை. மூச்சை இழுத்தாள். அந்த அறையில் இப்போதுதான் கேட்ட வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது.

"அந்தரூ திகண்டி!"

மாதவ் சிரித்துக்கொண்டே இறங்கினான். கதவைச் சாத்தினான். கார் எழும்பியது.

மறுபடி எழும்பியது.

மறுபடி.

மறுபடி. எந்தக் கதவும் திறக்கவில்லை. சக்கரத்துக்கு மேலே இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனது. எண்ணைப் பார்த்தாள். 1580. மாறவில்லை.

அப்படியென்றால் யாரும் போய்விடவில்லை. இறங்கி மேடையில் நிற்கிறார்கள்.

மாதவ் மழைக்கு ஒதுங்க மேடையை விட்டு ஓடினான். எழுபது குறைந்தது. பிறகு அறுபது குறைந்தது. பிறகு எழுபது. ஐம்பது. ஒவ்வொருவராக. அவசரமில்லாமல். அவள் பக்கமாக.

கடைசியில் ஒரு இருபது.

அதற்குப் பிறகு காரின் எடை மட்டும்.

வெளியே பெரிய பலகையிலும் அதே எண் எரிந்தது. மாதவ் ஷெட் கூரைக்கு அடியிலிருந்து கையை ஆட்டினான். "ஹம்ஸி! கரெக்டா இருக்குடி! பாத்தியா? மொதல்ல மெஷின்தான் தப்பாக் காட்டியிருக்கு. வா, போலாம்!"

இரும்புப் படியில் சத்தம். ஒரு கால். நின்றது. அடுத்த கால். அதன் பின்னால் இன்னொருவர். எடைச் சீட்டு வாங்க வருகிறவர்களின் நடை. ஈரத் துணி வாடை. வியர்வை.

அவள் இறங்கிப் போய்க் காரில் ஏறலாம். ஏறினால் பின்னாலேயே வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை. ஓடுதளம். சுவர்.

காலுக்கடியில் பலகை வளைந்தது. அவள் நகரவில்லை. இன்னொரு பலகை. அறை நிரம்பும்வரை காத்திருந்தாள். பிறகு, யார்மேலும் படாமல் இருக்கக் கையை ஒடுக்கிக்கொண்டு நீட்டி, கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டாள்.

"அண்ணா, நீ போ" என்றாள் மைக்கில். "நான் ஆட்டோல வரேன்."

"பைத்தியமா? மழைடி!"

"போண்ணா."

தோளைக் குலுக்கிவிட்டு ஏறினான். கார் புறப்பட்டது. இத்தனை நாளில் அது அவ்வளவு லேசாகப் போய் அவள் பார்த்ததில்லை. சிவப்பு விளக்குகள் மழைக்குள் சின்னதாகி மறைந்தன. பெட்டியில் எண் சுழியத்துக்கு வந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்வையை முன்னாலிருந்த ஜன்னல் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டாள். மூச்சை அடக்கினாள். கண்ணாடியின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. அவள் தோளுக்கு மேலே. தோளுக்கு இரண்டு பக்கமும்.

அப்புறம் கீழே, அவள் இடுப்பு உயரத்தில், கண்ணாடிக்கு மிக அருகில், மூச்சுக் காற்றின் ஒரு சின்ன வட்டம். மறைந்தது. மறுபடி படிந்தது.