தூங்கும் அறையில் நீலக் கோடு

குழந்தைகள் காப்பகம் திறக்க அக்கா வாடகைக்குப் பிடித்த வீடு அது. பழைய வீடுதான், ஆனால் வெளிச்சத்துக்குக் குறைச்சல் இல்லை. இதற்கு முன்பும் அங்கே ஒரு காப்பகம்தான் நடந்ததாம். நடத்திய அம்மாள் அவசரமாகக் காலிசெய்துகொண்டு போகும்போது, தன் வெப்சைட்டையும் அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பெயரையும் படங்களையும் மாற்றினால் போதும். மறுநாள் திறப்பு, சாயங்காலத்துக்குள் எல்லாம் தயாராக வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். எனக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடத் தெரியும், அவ்வளவுதான். அவளுக்கு அது போதும்.

மதியம் மாடி அறையில் உட்கார்ந்தேன். அடுத்த அறையில், அந்த அம்மாள் விட்டுப்போன பிள்ளைகள் கட்டில் ஒன்றில் அக்கா மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாலு என்றுதான் கூப்பிடுவோம். தூக்கத்திலும் கைகாலை உதறிக் கட்டில் முழுக்கச் சுற்றி வருகிறவள். கதவு திறந்திருந்ததால் கட்டில் கிரீச்சிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. திரையின் இடது ஓரத்தில் தலைப்பு, படம், பட்டன் என்று சின்னச் சின்னக் கட்டங்கள். வேண்டியதை மவுஸால் பிடித்து இழுத்து நடுவே கொண்டுபோனால், எங்கே விழும் என்று ஒரு நீலக் கோடு காட்டும். விரலை எடுத்தால் அங்கே உட்கார்ந்துவிடும். சமையலறை, விளையாடும் அறை என்று படங்களைப் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வாலு பல்லைக் காட்டிச் சிரிப்பதை வைத்தேன். கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

வலது ஓரத்தில், நாம் வைத்த துண்டுகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். அதன் அடியில் நான் வைக்காத ஒரு படம் இருந்தது. நடுவே தேடினால் காணோம். அந்த வரியில் இருந்த கண் சின்னத்தின் குறுக்கே கோடு. யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அந்தக் கண்ணை அழுத்தினேன்.

தூங்கும் அறை. அதே கட்டில்கள். மூலையில், சுவரைப் பார்த்து நிற்கும் ஒரு குழந்தை. முதுகு மட்டும் தெரிந்தது.

பழைய பிள்ளை யாரோ என்று அழித்தேன். திரும்ப வந்தது, முன்பைவிடச் சற்று மேலே. மறுபடி அழித்தேன். விளையாடும் அறைக்கு அடியில் வந்து நின்றது. என் கைதான் ஏடாகூடமாக எதையோ அழுத்துகிறது என்று, மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நீலக் கோடு தெரிந்தது.

இடம் தேடிக்கொண்டு மெல்ல மேலே ஏறியது.

வாலுவின் படத்தை ஒட்டி நின்றது.

அறையில் காயாத போர்வையின் வாடை வந்தது. அந்த அம்மாள் ஏன் இதை அழிக்காமல் மறைத்து வைத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. அழித்துப் பார்த்திருப்பாள், போயிருக்காது. நானும் அவள் செய்ததையே செய்தேன். கண்ணை அழுத்தினேன், படம் மறைந்தது, கோடும் போனது. வெப்சைட்டை அவசரமாக வெளியிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா போனும் கையுமாகப் படியேறி வந்தாள்.

"நல்லா இருக்குடி. ஆனா வாலு படத்துக்குப் பக்கத்துல யாரு இது? எப்ப எடுத்த?"

என் திரையில் ஒன்றும் இல்லை. அவள் போனில் இருந்தது. கம்ப்யூட்டரில் மறைக்க ஒரு கண், போனில் மறைக்க ஒரு கண் என்று தனித்தனியாக உண்டு என்பது எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் இரண்டையும் மூடியிருந்தாள். நான் முதலில் அழுத்தியபோது இரண்டும் திறந்துகொண்டன, பிறகு மூடியது கம்ப்யூட்டர் கண்ணை மட்டும்.

போனை வாங்கிப் பார்த்தேன். அதே தூங்கும் அறை. மூலை காலியாக இருந்தது. குழந்தை இப்போது ஒரு கட்டிலின் ஓரத்தில் குனிந்து நின்றது.

கட்டில் கிரீச்சிடும் சத்தம் நின்று எவ்வளவு நேரமாகிறது?

ஓடினோம். வாலு விழித்திருந்தாள். கட்டிலின் விளிம்பில், கைகாலை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். மீதிக் கட்டில் காலி. அக்கா அவளை வாரி எடுத்து, ஏன் இப்படிப் படுத்திருக்கிறாய் என்று கேட்டாள்.

"சத்தம் போடாதம்மா," என்று கிசுகிசுத்தாள் வாலு. "அவன் எடம் கேட்டான்."

அன்றைக்கே வீட்டைக் காலிசெய்தோம். வெப்சைட்டையும் அடியோடு மூடினேன். கம்ப்யூட்டரிலும் போனிலும் மாற்றி மாற்றித் தேடிப் பார்த்துவிட்டேன், எங்கும் இல்லை. அக்கா இனிமேல் காப்பகம் என்ற பேச்சையே எடுக்காதே என்று சொல்லிவிட்டாள்.

இப்போது வாலு மதியத்தில் என் வீட்டில்தான் தூங்குகிறாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே மனசு வரவில்லை; அவ்வளவு அடங்கிவிட்டாள். நடுவில் இழுத்துப் போட்டாலும் விளிம்புக்கே நகர்ந்துவிடுகிறாள். குழந்தை நன்றாகத்தான் தூங்குகிறாள் என்று அக்காவுக்குத் தைரியம் சொல்ல, நேற்று அவளைப் போனில் படம் எடுத்தேன்.

விரிப்பு வெள்ளை. கண்ணால் பார்த்தபோது அதில் ஒன்றும் இல்லை. படத்தில் மட்டும், அவள் ஒதுக்கிவிட்ட இடத்தில், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு நீலக் கோடு.