கை எட்டாத இடம்

சுபஹுத் தொழுகைக்கு எழும்பிக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த பர்ஹானின் பின்னால் துவாயோடு வந்து நின்ற சஹ்லா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பது போலத்தான் அதைக் கேட்டாள்.

“இஞ்சருங்க, உங்கட முதுகில என்ன இது?”

“என்ன?”

“சொறிஞ்ச தடம். நாலு கோடு. நல்லாத் தடிச்சிரிக்கி.”

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், சற்றுக் கீழே, அந்த இடம் சில நாட்களாகவே அரிப்பெடுத்து அவனைக் கடித்துக்கொண்டிருந்தது. வலக்கையைத் தோளுக்கு மேலால் வளைத்துப் பார்த்தான். எட்டவில்லை. இடக்கையைக் கீழால் கொண்டுபோய் முறுக்கிப் பார்த்தான். அதுவும் எட்டவில்லை. கடி தாங்காமல் கதவு நிலையில் முதுகைத் தேய்த்ததுண்டு. ஆனால் நிலையின் விளிம்பு நாலு கோடு போடாது.

“எனக்கு அங்க கை எட்டாது புள்ள.”

“அப்ப ஆரு சொறிஞ்ச?” என்று சிரித்தபடி துவாயை அவன் தோளில் போட்டுவிட்டு அவள் குசினிக்குப் போய்விட்டாள்.

பர்ஹான் கிணற்றுக்கட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். தெரு முனைக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கு ஒன்று விளங்கியது. கடி நின்றிருந்தது. யாரோ நகம் வைத்து ஆசைதீரச் சொறிந்துவிட்டது போன்ற சுகம் அந்த இடத்தில் மட்டும் மிச்சமிருந்தது.

பர்ஹான் சம்மாந்துறை வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. சஹ்லாவைக் கல்யாணம் முடித்து, ஊர் வழக்கப்படி சாய்ந்தமருதில் பெண் வீட்டோடு வந்து சேர்ந்தவன். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தான். வீட்டில் அவர்கள் இருவரையும் தவிர சஹ்லாவின் உம்மாவும், தம்பி றிபாஸும் இருந்தார்கள். மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை. சொல்ல வேண்டியதைக் குசினிச் சீலைக்குப் பின்னால் நின்று, மகளுக்குச் சொல்வது போல, அவன் காதில் விழும்படி சொல்வாள்.

முதலில் அவன் வேளாண்மை வெட்டின்போது வாப்பாவின் வயலுக்குப் போய்வந்ததைத்தான் நினைத்தான். நெல்லுச் சுணை பட்டால் உடம்பெல்லாம் கடிக்கும். ஆனால் சுணை ஒரு முழுக்கில் போய்விடும். இது போகவில்லை. முதுகில் தொடங்கியது விலாவுக்கு வந்தது, விலாவிலிருந்து கழுத்துக்கு ஏறியது, வெயில் தாழும் நேரத்தில் தோல் சிவந்து மணிமணியாகப் பொங்கியது. எத்தனை சொறிந்தாலும் சொறியும் நகத்துக்கும் கடிக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி இருந்துகொண்டே இருந்தது. தோலில் அல்ல, தோலுக்கு மறுபக்கத்தில் கடித்தது.

டொக்டர் பூசத் தந்தார், விழுங்கத் தந்தார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். “ஒவ்வாமைதான். ஆனா எது ஒத்துக்கொள்ளல்ல எண்டு எங்களால சொல்லேலாம இரிக்கி” என்று கடைசியில் அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். வேப்பிலை அவித்துக் குளித்தான். ஓதிய தண்ணீர் குடித்தான். அறை முழுக்கக் கலமைனும் கருஞ்சீரக எண்ணெயும் கலந்த ஒரு புளித்த மணம் படுக்கை, தலையணை, அலுமாரிக்குள் தொங்கிய சேட்டுகள் என்று எல்லாவற்றிலும் ஊறி, அவன் வாசலுக்கு வருவதற்கு முன்பே அவன் வருவதைச் சொல்லத் தொடங்கியது.

இறாலும் கணவாயும் கிரந்தி, சொறியைக் கூட்டும் என்று சஹ்லா அவற்றைச் சமைக்காமல் நிறுத்தினாள்.

“ஒராளுக்குச் சொறி எண்டா ஊட்டில எல்லாரும் பத்தியம் இரிக்கணுமா?” என்றது சீலைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல். அடுத்த நாள், “அவர்ர பீங்கானப் புறம்பா வை மகள். கழுவுறத்தையும் புறம்பாக் கழுவு.”

அன்றிலிருந்து அவன் சாப்பிடும் பீங்கான் குசினிக்கு வெளியே, வாழைக்கன்றோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

கடையில் துணியை விரித்துக் காட்டும் அவன் கைகளைப் பெண்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் துணியைத் தொடாமல் எழுந்தார்கள். முதலாளி அவனைப் பின்பக்கம் கூப்பிட்டு, “சுகமானதும் வா மனே, அவசரமில்ல” என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். பள்ளியில் தொழுகைக்குத் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டிய வரிசையில் அவனுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டார்கள். அந்த இடைவெளிகளில் காற்று வந்தது. அதன் பிறகு அவன் போகவில்லை.

ஆனால் இதெல்லாம் அவனைச் சாய்க்கவில்லை. சாய்த்தவை அந்தக் கோடுகள்தான்.

அவை நின்றபாடில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், சில வேளை நாளும் பொழுதும், முதுகின் நடுவில் புதிதாக நாலு கோடு. நீளமாக, நேராக, மேலிருந்து கீழாக. சஹ்லா தன் கையாலேயே அவன் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டாள். கோடுகள் வந்தன. அவள் சிரிப்பதை விட்டிருந்தாள்.

ஒரு மாலை, றிபாஸ் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியின் குரல் சீலையைத் தாண்டி வந்தது. இம்முறை அதில் மகளுக்குச் சொல்லும் பாவனை கூட இல்லை.

“சொறி புடிச்ச ஆம்புள தண்ட கையெட்டுற இடத்தில சொறிவான். கையெட்டாத இடத்தில ஆரு சொறிவா? அது பொம்புளட நகம். எனக்குக் கண் இரிக்கி.”

“உம்மா!” என்றாள் சஹ்லா.

“நீ வாயப் பொத்து. கட்டின ஊடும் குடுத்து, குமரையும் குடுத்து, இதுக்கா?”

றிபாஸ் அறை வாசலில் வந்து நின்றான். “எங்க மச்சான் போய் வாறீங்க?”

“நான் எங்க போற? கடையும் இல்ல, பள்ளியும் இல்ல. நாள் முழுக்க இந்த அறைக்குள்ளதானே கிடக்கன்.”

“அப்ப அது ஆரு?”

பர்ஹான் சஹ்லாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தாள். மருந்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள், பூசிவிடவில்லை. அவள் கை தன் மேல் பட்டு எத்தனை காலம் என்று அவன் எண்ணிப் பார்க்கப் பயந்தான்.

அவனே ஒரு வியாழக்கிழமை இரவு கேட்டான்.

“எண்ட கையக் கட்டிவிடு புள்ள. நீயே கட்டு. அறையப் பூட்டித் திறப்ப நீயே வெச்சிக்க. காலையில பாரு.”

அவள் எழும்பிக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினாள். பிறகு அவன் கைகளில் றிபாஸின் பழைய காலுறைகளை மாட்டி, இரண்டையும் முன்னால் சேர்த்துத் தன் தலைச்சோலால் இறுக்கிக் கட்டினாள். தோல் பட்டுவிடாமல் கவனமாகக் கட்டினாள்.

பர்ஹான் தூங்கவில்லை. ஆயத்துல் குர்ஸியை ஓதினான், பாதியில் மறந்து மீண்டும் தொடங்கினான். விசிறி சுற்றியது. கீழே பாயில் சஹ்லாவின் மூச்சு சீராக வந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

சரக். சரக்.

எலி என்று நினைத்தான். பாய்க்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால், ஓட்டுக்கு மேலே என்று காதாலேயே தேடினான். எங்கும் இல்லை. காதைத் தலையணையில் அழுத்திப் பொத்தினான். சத்தம் குறையவில்லை, கூடியது. வாய்க்குள் முறுக்குக் கடிபடும் சத்தம் கடிப்பவனுக்குக் கேட்குமே, அப்படி, வெளியே இருந்து வராமல் உள்ளால் வந்தது.

சரக். சரக். சரக்.

கட்டிய கைகள் நெஞ்சின் மேல் கிடந்தன. அசையவேயில்லை.

விடிந்ததும் சஹ்லா முடிச்சைப் பார்த்தாள். அவள் போட்டபடியே இருந்தது. அவனைத் திரும்பச் சொன்னாள். அவன் திரும்பினான். நடு முதுகில் புதிதாக நாலு கோடு. அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. சோலை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து போய்விட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. நடுப்பகல் நெருங்க, அத்தர் மணக்க றிபாஸ் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டான். மாமி பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட, முச்சக்கரவண்டிச் சத்தம் கூட இல்லாமல் தெரு ஓய்ந்துபோனது. வெள்ளை வெயில் யன்னல் சீலை வழியாக வந்து அறையின் நிலத்தில் அசையாமல் கிடந்தது. தூரத்தில் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம், ஒரு சொல்லும் விளங்காமல், ஒருவர் இன்னொருவரைக் கண்டிப்பது போல ஏறி இறங்கியது. குசினியில் சஹ்லா அரிசி கழுவும் சத்தம்.

கடி அன்று இடம் மாறியிருந்தது. விலாவைச் சுற்றி வந்து, வயிற்றில் நின்றது.

பர்ஹான் பெனியனைக் கழற்றிவிட்டு அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்றான். இந்த முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். கைகள் இரண்டையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டான். சொறியச் சொல்லி விரல்கள் துடித்தன. சொறியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான்.

தொப்புளுக்கு மேலே தோல் எழும்பியது.

நாலு இடத்தில். பயறு அளவுக்கு நாலு மேடு, ஒரு வரிசையாக. பிறகு அவை நகர்ந்தன. மெதுவாக, ஒன்றாக, கீழ்நோக்கி. துணியின் மெல்லிய தன்மையைக் காட்டுவதற்கு அவன் கடையில் அதன் அடியில் கையை விட்டு விரல்களை நகர்த்துவான். அதே மாதிரி. அவை போன வழியில் நாலு சிவப்புக் கோடு விழுந்தது.

சரக்.

ஒரு எட்டுப் பின்னால் வைத்தான்.

மேடுகள் மீண்டும் மேலே போயின. மீண்டும் இறங்கின. இப்போது அழுத்தமாக. அவசரமாக. அடைபட்ட ஒன்று கதவைப் பிறாண்டுவது போல.

அதை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. வலக்கையை விரித்து வயிற்றின் மேல் வைத்து அழுத்தினான்.

நின்றது.

பிறகு, உள்ளிருந்து, ஒரு உள்ளங்கை வந்து அவன் உள்ளங்கையோடு பொருந்தியது.

விரலுக்கு விரல். நடுவில் அவன் தோல் மட்டும். அவன் விரல்கள் முடிந்த இடத்தில் அந்த விரல்கள் முடியவில்லை. இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தன.

கடி இல்லை. உடம்பில் எங்கும் இல்லை. மறந்தே போயிருந்த அந்த நிம்மதியில் அவனுக்குக் கண் நிறைந்தது. கையை எடுக்கப் பயந்து அப்படியே நின்றான். அதுவும் அப்படியே இருந்தது.

கதவு திறந்தது.

“நான் போட்ட முடிச்சு,” என்றாள் சஹ்லா. கண்ணாடியில் அவன் தோளுக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. அழுதிருந்தாள். “அப்பிடியே கிடந்திச்சி. உம்மாட்ட சொல்லிட்டன். நீங்க பொய் சொல்லல்ல.”

அவன் கையை வயிற்றிலிருந்து எடுக்காமல் நின்றான்.

“நானும் அவங்களோட சேந்து உங்களப் பேயப் பாக்கிற மாதிரிப் பாத்திட்டன். என்ன மன்னிச்சிருங்க.”

அவள் கை உயர்ந்தது. கண்ணாடியில் கண்டான். தொடாதே என்ற சொல் அவன் நாக்கு நுனி வரை வந்தது. வந்து நின்றது. அந்தக் கைக்காக அவன் எவ்வளவு காலம் காத்திருந்தான்.

சொல்லவில்லை.

அரிசித் தண்ணீரில் குளிர்ந்த அவள் உள்ளங்கை அவன் முதுகின் நடுவில், அவன் கை எட்டாத இடத்தில், மெல்லப் பதிந்தது.

அவன் கைக்கு அடியில் வயிறு வெறுமையானது.

அது போவது தெரிந்தது. விலாவைச் சுற்றி. ஒவ்வொரு விரலாக ஊன்றி. முதுகுக்கு.

“இஞ்சருங்க,” என்றாள் சஹ்லா.

ஒலிபெருக்கி ஓய்ந்திருந்தது.

“கைய விடுங்க.”

அவன் இரண்டு கைகளையும் உயர்த்தினான். கண்ணாடியில் அவை தெரிந்தன. விரிந்து. வெறுமையாக.

“விடுங்க. நோகுது. எண்ட அல்லாஹ், நோகுது…”

அவள் முகம் கண்ணாடியில் அவன் தோளை நோக்கி நெருங்கியது. வாய் திறந்திருந்தது. இன்னும் நெருங்கியது. கன்னம் அவன் பிடரியில் ஒட்டியது. அவனுக்கு நோகவில்லை. கடிக்கவில்லை. முதுகில் ஏதோ நிறைந்துகொண்டு வரும் கனம் மட்டும்.

பின்னால், உள்ளே இழுபடும் அவள் கையில் கிடந்த கண்ணாடிக் காப்புகள் அவன் தோலின் விளிம்பில் ஒவ்வொன்றாக உடைந்து நிலத்தில் விழத் தொடங்கின.