பழைய பேக்கப்

பக்கத்து அறையில் தொட்டில் சங்கிலியின் கிரீச் சத்தம் பாதியில் நின்றது. அவன் கவனிக்கவில்லை. மனைவியை மனத்துக்குள் கிண்டலடிப்பதில் மும்முரமாக இருந்தான்.

பெரிய அலுவலகத்தில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன். தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. அவளோ குழந்தையின் படங்கள், முதல் அழுகை, பால் குடித்த நேரம் என்று எல்லாவற்றையும் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கும் ஒரு செயலியில் போட்டு வைத்திருந்தாள். இன்று மாலை அது திறக்காமல் அடம்பிடித்தது. சரிசெய்யக் கை வைப்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரு பேக்கப், ஒரு நகல், எடுத்துவிடச் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனாள்.

“எனக்கே பாடம் எடுக்கறியா? பிரவுசருக்குள்ள போய் யாராவது பிள்ளை வளர்ப்பாங்களா?” என்று மனத்துக்குள் நக்கலடித்தான்.

பேக்கப் எடுக்கவில்லை. தரவு முழுவதையும் ஒரே சொடுக்கில் துடைத்தான். துடைத்த பிறகுதான் உறைத்தது, அவை வேறெங்குமே இல்லை என்று. ஐயா அதை ஒப்புக்கொள்வாரா? கணினியைத் துழாவி, கல்யாணமான புதிதில் அவள் அதே செயலியிலிருந்து எடுத்து வைத்திருந்த பேக்கப் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஏதோ ஒன்று இருந்தால் போதும், இவளுக்கு என்ன தெரியப்போகிறது? இப்போதிருப்பவை போய், இந்தக் கோப்பில் உள்ளவை மட்டுமே மிஞ்சும் என்று திரை எச்சரித்தது. எச்சரிக்கையைப் படிப்பதெல்லாம் அவளைப் போன்றவர்களின் வேலை. ‘சரி’யை அழுத்தினான். சங்கிலிச் சத்தம் நின்றது அப்போதுதான்.

திரையில் படங்கள் ஏறின. கடற்கரையில் இருவர். புது வீட்டுச் சாவியோடு இருவர். குளியலறையில் தண்ணீர் கொட்டும் ஓசை, ஃபிரிட்ஜின் முனகல், ஜன்னல் திரையின் சரசரப்பு எல்லாம் வழக்கம்போல இருக்க, எந்நேரமும் வீட்டை அடைத்திருக்கும் பவுடரும் புளித்த பாலும் கலந்த வாடை மட்டும் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. கொடியைப் பார்த்தான். காலையில் அவனே அலுத்துக்கொண்டு உலர்த்திய குட்டித் துணிகள் இல்லை. வெறும் கிளிப்புகள்.

எழுந்து ஓடினான்.

பக்கத்து அறை. தொட்டில் இல்லை. மேலே கொக்கி இல்லை. கொக்கி அடித்த துளைகூட இல்லை.

குளியலறைக் கதவு திறந்தது. பிரசவத்துக்குப் பிறகு கொத்துக் கொத்தாக உதிர்ந்த முடி, அவளுக்கு இடுப்புவரை ஈரமாகத் தொங்கியது.

“பாப்பா எங்க?”

“எந்தப் பாப்பா?” என்று சிரித்தாள். “கனவு கினவு கண்டீங்களா?”

தன் தோளைத் தொட்டான். சற்று முன் குழந்தை கக்கிய பால், துடைக்கச் சோம்பல்பட்டு அவன் அப்படியே விட்டிருந்தது, சட்டையில் இன்னும் ஈரமாக இருந்தது. அதன் ஓரங்கள் காய ஆரம்பித்திருந்தன. உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தான். விரல்களுக்கடியில் அது காய்ந்துகொண்டே வந்தது.