பதினொன்றாவது கண்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு கறை இருந்தது. ரூமேலா துப்பட்டா நுனியால் துடைத்தாள், போகவில்லை. மூச்சு ஊதித் துடைத்தாள். மிளகு அளவுதான், ஆனால் அவள் எந்த எழுத்தைப் படிக்கப் போனாலும் அதன் மேலேயே வந்து உட்கார்ந்தது, சனியன்.

மணி மூன்றரை. கொல்கத்தாவில் காலையிலிருந்து விடாத மழை. ஈரச் சுவரின் பூஞ்சை வாசனையும், கீழே கண் மருத்துவமனை வராந்தாவிலிருந்து ஏறி வரும் பினாயில் நெடியும், மூலையில் மருந்துக் குளிர்பெட்டி விட்டு விட்டு உறுமும் சத்தமுமாக ஆய்வுக்கூடம் மங்கிக் கிடந்தது. ஐந்து மணிக்குள் ஆய்வுக் கட்டுரை இதழுக்குப் போயாக வேண்டும். போனால் ஆறு வருட உழைப்புக்குப் பட்டம். அடுத்து, இங்கே சோதித்துவரும் புது மருந்து ஊசி முந்நூறு பேர் கண்ணில்.

இதுவரை போட்டது பன்னிரண்டு பேருக்கு. பதினொன்றாவது ஆள் நிதாய் நஸ்கர், பாசந்தி என்ற ஆற்றோர ஊரில் படகு ஓட்டுபவர். ஊசி போட்டபின் அவருடைய இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போயிற்று.

"அடி பைத்தியமே, ஒரு கண்ணுக்காக மொத்தத்தையும் விடுவியா? அந்தக் கண்ணு படத்தைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிடு. யாரு உத்துப் பாக்கப் போறா?" என்று நேற்று சொன்னவன் ஆய்வுக்கூடத்தில் மூத்தவனான சௌமிக்.

பண்ணினாள். கண்ணின் உட்புறத்தைப் படம் எடுக்கும் கேமராவைச் சரிபார்க்க அங்கே தினமும் காலையில் யாராவது தன் கண்ணையே படம் எடுப்பார்கள். நேற்று அவள் முறை. தன் இடது கண் படத்தின் நடுவிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டி, நிதாயின் ரத்தக் கசிவின் மேல் ஒட்டி, ஓரத்தைக் குழைத்து, நிறத்தைப் பொருத்தினாள். அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதுதான் கேவலம்.

இப்போது கறை எட்டணா அளவு. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். நடுவில் ஓட்டை. இடதைப் பொத்தினாள். எல்லாம் தெளிவு.

சௌமிக்குக்குப் போன் போட்டாள். "சௌமிக் அண்ணா, என் கண்ணுல என்னமோ..."

"திரையவே வெறிச்சா அப்படித்தான் இருக்கும். டீயைக் குடிச்சிட்டு முதல்ல அனுப்பு, தாயே."

வைத்துவிட்டான். வேண்டாம், பட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். படத்தைத் திறந்தாள். ஒட்டிய வட்டத்தை அழிக்க அம்புக்குறியை நகர்த்தினாள்.

போன் அடித்தது.

"தீதி, நிதாய் பேசறேன். கண்ணு தெரியுது தீதி!" அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல்.

"நிஜமாவா? எப்போலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து சின்னதா வெளிச்சம். இப்போ பெருசாயிடுச்சு." குரல் தணிந்தது. "ஆனா படகுலதான் உக்காந்திருக்கேன், ஆறு தெரியல. ஒரு மேசை தெரியுது. கம்ப்யூட்டரு. அதுல ஒரு கண்ணு படம்."

அவள் விரல் நின்றது.

"அம்பு மாதிரி ஒண்ணு நகந்துச்சே தீதி. அழிக்கப் போறீங்களா? வேணாம். குடுத்ததைப் புடுங்காதீங்க. நான் இன்னும் எதையும் ஆசை தீரப் பாக்கவேயில்ல."

இடது கண்ணை இறுக மூடினாள்.

மூடவில்லை.

பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தை வலது கண்ணால் பார்த்தாள். இடது கண் அகலத் திறந்திருந்தது. அவள் திருப்பாமலே திரும்பியது. கதவைப் பார்த்தது. மழையைப் பார்த்தது. பிறகு மெல்ல அவள் முகத்துக்கு வந்து, நீர் தளும்பத் தளும்ப, ஆசை தீராமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.