எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்

ஆழியூரில் யாரும் யாருடைய மொழியையும் கற்றுக்கொள்வதில்லை. எதற்குக் கற்க வேண்டும்? கடலுக்கடியில் கனிமம் தோண்ட வந்த ஒவ்வொருவர் காதுக்குள்ளும் மிளகளவு பெயர்ப்பி ஒன்று உட்கார்ந்திருந்தது. எதிராளி தெலுங்கில் திட்டினால் தமிழில் உறைக்கும். வங்காளத்தில் கொஞ்சினால் மலையாளத்தில் இனிக்கும். ஒரே தொல்லை, அது எல்லோரையும் செய்தி வாசிப்பவர்களாக்கிவிடும். மீன் சந்தையில் பிறந்து வளர்ந்தவன்கூட "தயைகூர்ந்து சற்று நகருங்கள்" என்பான். கேட்டால் சிரிப்பு வரும்.

ஜெசிந்தாவுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாம் குடைவறையின் சுவரில் தையல் விட்டுத் தண்ணீர் உள்ளே பீய்ச்சியடித்தது. தானியங்கிக் கதவு தன் கடமையை ஒழுங்காகச் செய்து படாரென்று மூடிக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்டவன் அவள் புருஷன் தஸ்நேவிஸ். இருவரும் தூத்துக்குடியில் ஒரே தெருவில் வளர்ந்து, மோதிரம் மாற்றி, ஒரே நாளில் இங்கே வேலைக்கு இறங்கியவர்கள். இப்போது அவள் கண்காணிப்பறையில், அவன் குடைவறையில். நடுவில் இரும்புக் கதவும் ஒரு தொலைபேசிக் கம்பியும்.

"ஏளா ஜெசி, முழங்காலுக்கு வந்துட்டு," என்றான் கம்பியில். "மண் குழாய் தெறந்துதான் கெடக்கு. அது வழியா ஊந்து எட்டாம் அறைக்குப் போயிரட்டா?"

தோண்டிய மண்ணைப் பக்கத்து அறைக்குத் தள்ளும் குழாய் அது. ஓர் ஆள் வயிற்றால் ஊர்ந்து போகலாம். நடுவில் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிட்டால் குழாயும் மூழ்கிவிடும்.

"கொஞ்சம் பொறுங்க. மொதல்ல ஆளக் கூப்பிடுதேன்."

வெளியே பேசும் பெருங்கம்பி கசிவில் அறுந்துபோயிருந்தது. மிஞ்சியது ஒலிவழி. தண்ணீரினூடே ஒலியை அனுப்பும் பழைய ஏற்பாடு அது. ஒரு தடவைக்கு ஐந்தாறு சொல்தான் போகும், பதில் வருவதற்குள் பிராணன் போய்விடும். ஆகையால் எல்லோரையும் சுருங்கச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். இடத்தைச் சொல், பிறகு ஒரு பொதுச்சொல்லைச் சொல்.

இந்தப் பொதுச்சொல் கூத்தைச் சொல்லியாக வேண்டும். பெயர்ப்பியைச் செய்த பொறியாளர்கள் மகா சிக்கனக்காரர்கள். நாலைந்து மொழிகளிலும் ஒரே சொல் இருந்தால் அதை எதற்கு மெனக்கெட்டு மொழிபெயர்க்க வேண்டும், அப்படியே விட்டுவிடலாமே என்றார்கள். ஊரே மகிழ்ந்துபோயிற்று. தமிழர்கள் எங்கள் சொல் என்றார்கள், தெலுங்கர்கள் எங்களுடையது என்றார்கள், மலையாளிகள் சந்தேகம் வேறா என்றார்கள். ஆழியூர் மன்றத்தில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். எல்லோரும் கைதட்டினார்கள், ஒருவரும் பக்கத்து இருக்கைக்காரரிடம் அர்த்தம் கேட்கவில்லை. அப்படிக் கைதட்டு வாங்கிய சொற்களில் ஒன்று, அவசரம்.

ஒன்பதாம் அறையின் வெளிவாயிலில் வந்து பொருந்தக்கூடிய மூழ்கூர்தி பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஓட்டுகிறவன் சஜீவன், கொல்லத்துக்காரன், சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள்.

"சஜீவன், ஒன்பதாம் அறையில அவசரம். வாங்க."

அவசரம் என்று சொன்ன பிறகு உடனே என்று வேறு சொல்வானேன்?

பதில் செய்தி வாசிப்பவர் குரலில் வந்தது. "இந்த அவசரத்துக்காகத்தான் காத்திருந்தேன். கண்டிப்பாக வருகிறேன்."

நல்ல துணிச்சல்காரன், மாதா அவனைக் காப்பாற்றட்டும் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்து நீரேற்று நிலையத்தின் பொறுப்பாளி நாகமணியை அழைத்தாள். நாகமணி நெல்லூர்க்காரி.

"ஒன்பதாம் அறைக்கு பம்பு அவசரம்."

"குறித்துக்கொண்டேன். முன்பே நான்கு அறைகளுக்கு அவசரம். எட்டாம் அறையும் சேர்த்து."

நான்கு அறைகளிலா? எட்டாம் அறையிலுமா? அப்படியானால் ஊரே உடைந்துகொண்டிருக்கிறதா? மண் குழாய் போய்ச் சேருகிற இடம் எட்டாம் அறைதான்.

"என்னளா, சத்தத்தையே காணோம்?" என்றான் தஸ்நேவிஸ். "தொடைக்கு ஏறிட்டு. நான் குழாய்க்குள்ள எறங்குதேன்."

"வேண்டாங்க! எட்டாம் அறையிலயும் உடைஞ்சிருக்காம். அங்கன போனா குழாய்க்குள்ளயே மாட்டிக்கிடுவீங்க. சஜீவன் வாரேன்னு சொல்லிட்டாரு."

"நெசமா வாரேன்னாரா?"

"கண்டிப்பா வாரேன்னாரு. அசையாம நில்லுங்க."

அவன் நின்றான். அவள் சொன்னால் நிற்கிறவன்தான் எப்போதும். "அந்த மலையாளத்தான் வந்ததும் அவனுக்கு ஒரு மீன்கொழம்பு வச்சிக் குடுத்திரு," என்று கேலி வேறு பேசினான். அவன் பற்கள் குளிரில் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வது கம்பியில் கேட்டது. பேசு, பேசிக்கொண்டே இரு என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

தண்ணீர் இடுப்பைத் தொட்டது. மண் குழாயின் வாய் மூழ்கிப்போனதை அவனே சொன்னான். திரையில் மூழ்கூர்தியின் புள்ளி நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. கருவி பழுதோ என்று திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு பொறுக்கமாட்டாமல் அழைத்தாள்.

"சஜீவன், எங்க வந்துட்டீங்க?"

பதில் வருவதற்குள் தண்ணீர் அவன் வயிற்றுக்கு ஏறிவிட்டது.

"சட்டை மாற்றுகிறேன். தம்பிக்கும் ஓர் அவசரம் கிடைக்குமா?"

முதலில் அவளுக்கு ரத்தம் கொதித்தது. இங்கே ஓர் உயிர் துடிக்கிறது, இவனுக்குச் சட்டை கேட்கிறதா? அப்புறம்தான் அந்த இரண்டாவது வாக்கியம் காதில் ஏறியது. தம்பிக்கும் ஓர் அவசரமா? அவசரத்தைப் போய் யாராவது கேட்டு வாங்குவார்களா? சிபாரிசு பிடித்துத் தம்பிக்கு வாங்கித் தருகிற பொருளா அது? வேலையைத்தான் அப்படிக் கேட்பார்கள். வாய்ப்பைத்தான் கேட்பார்கள்.

அவன் காதில் அவசரம் வேறொன்றாக விழுந்திருக்கிறது என்றால், நாகமணி சொன்ன அவசரமும் வேறு எதுவோதான்.

வடமொழியிலிருந்து கிளம்பும்போது அந்தச் சொல்லுக்கு வாய்த்த வேளை என்று பொருள். வழியில் ஆளுக்கொரு துண்டைப் பிய்த்துக்கொண்டார்கள். மலையாளம் அதிலிருந்து வாய்ப்பை எடுத்துக்கொண்டது, இந்தியும் அப்படியே. தெலுங்கு தேவையை எடுத்துக்கொண்டது. கைநழுவும் வேளையின் பதற்றம் மட்டும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் வந்து சேர்ந்தது. இந்தப் பங்குபிரிப்பு ஆயிரம் வருஷத்துச் சமாசாரம். அதற்கு இன்றைக்குத் தஸ்நேவிஸ் கழுத்தை நீட்ட வேண்டியதாயிற்று. ஒன்பதாம் அறையில் புது வேலை காலியிருக்கிறது என்று கேட்டவன் நல்ல சட்டை தேடாமல் என்ன செய்வான்? நாகமணி மட்டும் என்ன தப்புச் செய்தாள்? பம்பு தேவை என்று காதில் விழுந்தது, முன்பே நான்கு அறைக்காரர்கள் வழக்கமான வேலைகளுக்குப் பம்பு கேட்டிருந்தார்கள், வரிசையில் ஐந்தாவதாகக் குறித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டாள். எட்டாம் அறையில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அங்கே நாற்காலி போட்டு உட்காரலாம்.

நான்தான் போகாதே என்றேன். நான்தானே நிற்கச் சொன்னேன்! ஜெசிந்தா மேசையில் தலையை மோதிக்கொண்டாள். பிறகு பொத்தானை அழுத்தி, பொதுச்சொல் எதுவும் கலக்காமல், பச்சைத் தமிழில் கத்தினாள்.

"தண்ணி ஏறுது! எம் புருஷன் சாவுதாரு! ஓடியாங்க!"

இதைப் பெயர்ப்பி ஓர் எழுத்துப் பிசகாமல் மலையாளமாக்கிக் கொடுத்தது. திரையில் புள்ளி பாய்ந்து கிளம்பியது. பாவம், அவன் பாதி போட்ட சட்டையோடுதான் வந்தான், பாறையில் உரசி இறக்கையை உடைத்துக்கொண்டு வந்தான். அவ்வளவு வேகமாக அந்தக் கடலில் யாரும் மூழ்கூர்தி ஓட்டியதில்லை.

"ஜெசி, கழுத்துக்கு வந்துட்டுளா. எங்க அவன்?"

"வந்துட்டாருங்க. கிட்ட வந்துட்டாரு. தலைய மட்டும் மேல தூக்கிக்கிடுங்க. என்னங்க, கேக்குதா? தலைய மேல தூக்குங்க!"

"கேக்குது. நீ பேசிட்டே இரு, நீ பேசு..."

அவள் பேசிக்கொண்டேயிருந்தாள். கம்பியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் வர ஆரம்பித்த பிறகும் பேசினாள். சஜீவன் வெளிவாயிலைத் திறந்து, உள்ளே முங்கி, உடலை இழுத்து ஊர்தியில் ஏற்றி, அந்த நெஞ்சைக் குத்திக் குத்தி ஓய்ந்துபோன பிறகும் அவள் கம்பியை விடவில்லை. வேறு ஆட்கள் வந்துதான் அவள் விரல்களைப் பிரித்தெடுத்தார்கள்.

விசாரணை நடந்தது. பொறியாளர்கள் மிகவும் பொறுப்போடு நடந்துகொண்டார்கள். ஒரு சொல்லால் வந்த பிழை, அந்தச் சொல்லை நீக்கிவிட்டோம் என்று அறிவித்தார்கள். இனிமேல் சஜீவன் அவசரம் என்றால் தமிழர் காதில் வாய்ப்பு என்று விழும், நாகமணி சொன்னால் தேவை என்று விழும். மன்றம் இதையும் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக் கைதட்டியது. மற்றப் பொதுச்சொற்களெல்லாம் அப்படியே இருந்தன. எல்லோருக்கும் தெரிந்த சொற்களாயிற்றே, அவற்றில் என்ன பார்க்க இருக்கிறது?

அடக்கம் முடிந்த மறுநாள் சஜீவன் அவள் அறை வாசலில் வந்து நின்றான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. சாப்பிட்டுத் தூங்கிய முகமாக இல்லை. அவன் உதடு நடுங்க ஏதோ சொன்னான். பெயர்ப்பி அதை வாங்கி, நடுக்கத்தையெல்லாம் துடைத்துவிட்டு, செய்தி வாசிப்பவர் குரலில் அவள் காதில் போட்டது.

"அக்கா, உங்கள் கணவர் இறந்ததில் எனக்கு மிகவும் சங்கடம்."

"சங்கடமா?" ஜெசிந்தா எழுந்து நின்றாள். "கல்யாணத்துக்கு வரமுடியாதவன் சொல்லுத வார்த்தையில்லா அது? எம் புருஷன் முங்கிச் செத்துருக்காரு, ஒமக்குச் சங்கடமா இருக்கோ?"

"ஆமாம் அக்கா," என்றான் அவன். அவன் காதில் அவள் கேள்வியின் அந்த ஒரு சொல் மலையாளமாகவே விழுந்தது. "சங்கடம்தான். சாகும்வரை இந்தச் சங்கடம் போகாது."

"வெளிய போம்! எம் மூஞ்சியிலயே முழிக்காதயும்!"

அவள் கதவை அறைந்து சாத்தினாள். கொல்லத்தில் ஒருவன் சங்கடம் என்றால் அது அழுதும் தீராத துக்கம். தாய் செத்தால் சொல்கிற சொல், பிள்ளை செத்தால் சொல்கிற சொல். அவனிடம் அதைவிடப் பெரிய சொல் இல்லை.

அக்காவுக்குக் கேட்கவில்லைபோல என்று நினைத்தானோ என்னவோ, சஜீவன் கதவில் நெற்றியை வைத்து அதே சொல்லை இன்னும் உரக்கச் சொன்னான். உள்ளே ஜெசிந்தா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.