மடிப்பில் விழுந்த டிங்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் கொட்டாவி. அவள் தூங்குமூஞ்சி இல்லை. எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்த்தபடியே எங்கோ போய்விடுவாள். கூப்பிட்டால் திரும்பி வரக் கொஞ்ச நேரமாகும். வந்ததும் ஒரு கொட்டாவி விடுவாள்.

பள்ளி விட்டதும் சித்தியின் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். சித்தி ஓர் இசைப் பத்திரிகைக்குப் பக்கங்களை வடிவமைக்கிறாள். மாடியில் ஒரே அறை. சுவரின் குறுக்கே கயிறு கட்டி, முடிந்த பக்கங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். மின்விசிறி சுற்றும்போது அவை மெல்ல ஆடும்.

கொட்டாவிக்கு அந்தப் பக்கங்கள் கேட்கும். கொட்டை எழுத்துத் தலைப்பு தொண்டை கிழியப் பாடும். கட்டுரை முணுமுணுக்கும். படத்துக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்து காதோடு ரகசியம் சொல்லும்.

இந்த மாதம் பத்திரிகையில் அவள் பள்ளியின் இசைக்குழு வரப்போகிறது. கொட்டாவி பாடுகிறவர்களில் ஒருத்தி. படத்தில் இடது ஓரம். நடுவில் நிற்பவள் டிங்.

டிங் இரண்டாம் வகுப்பு. குழுவிலேயே குட்டி. கையில் ஒரு முக்கோணக் கம்பி. பாட்டு முழுவதும் சும்மா நிற்பாள். கடைசியில் எல்லோரும் சட்டென்று நிறுத்துவார்கள். அமைதி. பிறகு அவள் ஒரே ஒரு தட்டுத் தட்டுவாள். டிங். பாட்டு முடிந்துவிடும்.

பத்திரிகையில் வரப்போவதை டிங் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பால்காரரிடம் சொன்னாள். பள்ளிப் பேருந்து ஓட்டுநரிடம் சொன்னாள். "நான் வரேன்! நட்ட நடுவுல!"

பார்க்கும்போதெல்லாம் கொட்டாவியின் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "வந்துடுச்சாக்கா?"

"இன்னும் அச்சுக்கே போகலடி."

"அச்சு எங்க இருக்கு? நடந்து போலாமா?"

அன்று சாயங்காலம் பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். கொட்டாவி வந்தபோது பிரிண்டர் இரண்டு பெரிய தாள்களைத் துப்பியிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரே படம். இசைக்குழு முழுவதும் தோளோடு தோள் ஒட்டி நின்றது.

"எப்படி இருக்கு?" என்றாள் சித்தி. "ஒரு பக்கத்துலதான் போட்டிருந்தேன். எடிட்டர் மத்தியானம் வந்து, பெருசா ரெண்டு பக்கத்துக்கும் இழுன்னுட்டார். அவசர அவசரமா இழுத்தேன்."

தாள் இன்னும் சூடாக இருந்தது. கொட்டாவி இரண்டையும் புத்தகம்போல் ஒட்டினாள். பழைய இதழ் ஒன்றின் நடுவில் செருகித் திறந்தாள்.

டிங்கைக் காணோம்.

இடது பக்கத்தில் ஒரு காது இருந்தது. வலது பக்கத்தில் ஒரு காது இருந்தது. மூக்கும் வாயும் சிரிப்பும் மடிப்புக்குள் போய்விட்டன.

"சித்தி, டிங்கை மடிப்பு முழுங்கிடுச்சு."

சித்தி எட்டிப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட கடவுளே! நடுவுல முகம் வரக் கூடாதுங்கறது நான் படிச்ச முதல் பாடம். ஸ்கிரீன்ல மடிப்பு இல்லையா, கவனிக்கல."

"விரிச்சுப் பிடிச்சா தெரியாதா?"

"தடிப் புத்தகம். முதுகுல பசை போட்டு ஒட்டுவாங்க. ரொம்ப விரிச்சா முதுகு உடைஞ்சிடும்."

சித்தி படத்தை வலதுபக்கம் தள்ளினாள். டிரம்ஸ் அண்ணன் மடிப்பில் விழுந்தான். இடதுபக்கம் தள்ளினாள். கிடார் அக்காவின் முகம் மறைந்தது.

"என்னை மடிப்புல போடுங்க சித்தி. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நீ ஓரத்துல நிக்கிற தாயே. உன்னை நடுவுக்குக் கொண்டுவந்தா அந்தப் பக்கம் பாதிப் பேர் வெளிய விழுவாங்க."

"அப்ப டிங்?"

சித்தி படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். எடிட்டர் எந்த நேரமும் வருவார்.

கணினித் திரையில், வேண்டாம் என்று ஒதுக்கிய படங்கள் பொடிப் பொடியாகத் தெரிந்தன. கொட்டாவி அவற்றைப் பார்த்தாள். வாய் பிளந்தவன், தலை சொறிபவள், யாரோ ஒருவரின் முழங்கை. கடைசியில் ஒரு வெறும் சுவர். சுவரின் கீழ் மூலையில், எறும்பு அளவுக்கு, டிங். கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தட்டவில்லை. தட்டப் போகிறாள். கண்கள் மூடியிருந்தன.

கொட்டாவி அந்தச் சுவருக்குள் போய்விட்டாள்.

அங்கே சத்தமே இல்லை. இப்போதுதான் பாடி முடித்தவர்களின் மூச்சு மட்டும் இருந்தது. வெளிச்சம் சுவர்மேல் மெதுவாக நகர்ந்தது. எல்லாம் எதற்காகவோ நின்றுகொண்டிருந்தன.

"போயிட்டா" என்றாள் சித்தி. "ஏய், கொட்டாவி!"

கொட்டாவி திரும்பி வந்தாள். கொட்டாவி விட்டாள். "சித்தி, அந்தச் சுவரை ஒரு முழுப் பக்கமா போடலாமா?"

"அதுல ஒண்ணுமே இல்லையே. அதான் ஒதுக்கினேன்."

"அந்த ஒண்ணுமே இல்லாததுதான் வேணும். எல்லாரும் நிக்கிற படமும் கட்டுரையும் இடதுபக்கம். அங்க எல்லாரும் பாடறாங்க. வலதுபக்கம் பாட்டு நின்னு போச்சு."

சித்தி அவளையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

குழுப் படத்தைச் சின்னதாக்கி இடது பக்கத்தின் மேலே வைத்தாள். நடுவில் நின்ற டிங் மூக்கோடும் வாயோடும் முழுசாக வந்தாள். கட்டுரை மட்டும் இடம் போதாமல் கொஞ்சம் வழிந்தது.

"நடுவுல இந்த ஒரு வரி எதுக்குப் பெருசா நிக்குது?" என்றாள் கொட்டாவி.

"கட்டுரைலேருந்து நல்ல வரியை எடுத்துப் பெருசா போடறது வழக்கம். புரட்டறவங்க நின்னு படிப்பாங்கன்னு."

"அவங்களை டிங் நிறுத்திடுவா."

சித்தி அந்த வரியை எடுத்தாள். கட்டுரை சமர்த்தாக அடங்கியது. வலது பக்கம் முழுவதும் சுவர் பரவியது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. எடிட்டர் கையில் டீ டம்ளரோடு வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது? பெயிண்ட் விளம்பரமா?"

"கீழ மூலைல பாருங்க சார்" என்றாள் சித்தி.

"ஒரு பொடிசு நிக்குது. சரி. மிச்சம் முழுக்கச் சுவர்! அச்சடிக்க மறந்துட்டோம்னு படிக்கிறவங்க புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. அந்தப் பழைய படத்தையே போடு."

"அதுல அவ முகம் மடிப்புக்குள்ள போயிடுது மாமா" என்றாள் கொட்டாவி.

"ஒரு ஆள்தானே? ரெண்டு பக்கத்துல இவ்வளவு பேர் இருக்காங்களே."

கொட்டாவிக்கு டிங் பால்காரரிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. இடது காதைக் காட்டி, இதுதான் நான் என்று சொல்வாளா?

"மாமா, அந்தப் பாட்டோட கடைசியை மட்டும் பாடிக் காட்டட்டுமா?"

"பாட்டா? மணி என்ன ஆகுது?"

"குட்டிப் பாட்டு மாமா. டம்ளரைக் கொடுங்க."

எடிட்டர் மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார். சித்தி பேனாவைக் கொடுத்தாள்.

கொட்டாவி பாடினாள். கூடப் பாட யாரும் இல்லாததால் முதலில் குரல் நடுங்கியது. பிறகு நேரானது. பாட்டு ஏறியது. இன்னும் ஏறியது. உச்சியில் சட்டென்று நிறுத்தினாள்.

மின்விசிறி சுற்றியது. கயிற்றில் பக்கங்கள் ஆடின. சித்தியின் கை விசைப்பலகையின் மேலே அப்படியே நின்றது. எடிட்டர் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினார். மூச்சை வெளியே விடவில்லை.

கொட்டாவி டம்ளரின் விளிம்பில் பேனாவால் மெல்லத் தட்டினாள்.

அந்த ஓசை அறையைச் சுற்றி வந்து, ஜன்னல் வழியாகப் போனது.

"இப்ப என்ன பண்ணீங்க மாமா?" என்றாள்.

"நான் என்ன பண்ணேன்? சும்மா... காத்துக்கிட்டிருந்தேன்."

"அதுதான் இந்தப் பக்கம்."

எடிட்டர் மறுபடி திரையைப் பார்த்தார். இந்த முறை அவர் கண் சுவரின் மேலிருந்து மெதுவாக இறங்கி, மூலைக்கு வந்து நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"படத்துக்குக் கீழ என்ன எழுதப்போற?" என்றார் சித்தியிடம்.

சித்தி கொட்டாவியைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள் கொட்டாவி. "எழுத்தும் சத்தம்தானே? எல்லார் பேரும் அந்தப் பக்கம் இருக்கு."

"நல்லா வந்து சேர்ந்தீங்க, சித்தியும் பொண்ணும்" என்றார் எடிட்டர். "யாராவது கேட்டா, இது நான் போட்ட சுவர்னு சொல்லிடுவேன். அனுப்பு."

பத்திரிகை பள்ளிக்கு வந்த அன்று, இசை வகுப்பில் எல்லோரும் டிங்கைச் சுற்றி முண்டினார்கள். டிங் முதலில் இடது பக்கத்தைப் பார்த்தாள். நடுவில் தன்னைக் கண்டுபிடித்து விரலை வைத்தாள்.

"நட்ட நடுவுல!" என்றாள்.

"அந்தப் பக்கமும் பாருடி" என்றான் டிரம்ஸ் அண்ணன்.

டிங் பார்த்தாள். விரல் சுவரில் ஊர்ந்து, மூலைக்கு வந்தது. அவளைச் சுற்றி இருந்தவர்களின் பேச்சு நின்றது.

கொட்டாவி டிங்கின் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு சின்னதாகப் போட்டுவிட்டோமே?

"அக்கா" என்றாள் டிங், குரலைத் தாழ்த்தி. "இந்தப் பக்கம் முழுக்க எனக்கா?"

"உனக்கேதான்."

"வேற யாருமே இல்லையா?"

"நீ தட்டறதுக்காக எல்லாரும் படத்துக்கு வெளியில காத்துக்கிட்டிருக்காங்க."

டிங் தலையாட்டினாள். அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். மூக்கு தாளில் உரசும் அளவுக்குக் குனிந்து, தன்னை மேலிருந்து கீழ்வரை ஆராய்ந்தாள்.

"ஒரு சாக்ஸ் மட்டும் இறங்கியிருக்கு" என்றாள் கவலையாக.

பிறகு பத்திரிகையைக் கொட்டாவியிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, குனிந்து, காலில் இருந்த இரண்டு சாக்ஸையும் முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.